ஏதேன் ஏரிக்கரையில்: பிளாக் மவுண்டன் கல்லூரியின் கட்டடங்களை வாசித்தல்

பிளாக் மவுண்டன் கல்லூரியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரு கூரையின் கதையைத்தான் முதலில் கேள்விப்பட்டிருப்பார்கள். அதுவும் எழும்பாமல் போன கூரை. 1948ஆம் ஆண்டு கோடையில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மலைகளுக்குள் இருந்த இந்தச் சிறிய கல்லூரிக்குக் கற்பிக்க வருகிறார். ஜன்னல் மறைப்புக்குப் பயன்படும் வெனீஷியன் பிளைண்ட் பட்டைகளை வைத்து, மாணவர்களின் உதவியுடன் 48 அடி விட்டமுள்ள குவிமாடம் ஒன்றை நிறுத்தப் பார்க்கிறார். புல்வெளியில் பட்டைகளை ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். குவிமாடம் எழவில்லை, தரையோடு தரையாகக் கிடக்கிறது. 'மல்லாந்த குவிமாடம்' என்று அதற்குப் பெயர் வந்தது. தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ளும் கல்விக்கு உதாரணமாக இன்றுவரை இந்தக் கதை சொல்லப்படுகிறது.

நல்ல கதைதான். ஆனால் கல்லூரியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கோடையில், ஒரு பிற்பகலில் எழாமல் போன இந்தக் கூரைக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அடுப்பு எரிந்துகொண்டிருந்த சமையல்கட்டுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். சலவை அறைக்கு அதுவும் இல்லை. கலை வரலாற்றில் மிகவும் கொண்டாடப்பட்ட ஒரு சிறு வளாகத்தை அதன் கூரைகளின் பக்கமிருந்து அல்லாமல், அடுப்பு, தறி, சலவைத் தொட்டி, படிக்கும் அறை ஆகியவற்றின் பக்கமிருந்து வாசித்தால் என்ன தெரியும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கல்லூரியின் சுருக்கமான வரலாறு இது. 1933இல் ஃபுளோரிடாவின் ரோலின்ஸ் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜான் ஆண்ட்ரூ ரைஸ் என்ற செவ்வியல் மொழிப் பேராசிரியர், தியோடர் டிரையர் முதலிய சில சக ஆசிரியர்களோடு சேர்ந்து, ஆஷ்வில் நகருக்குக் கிழக்கே சுமார் 15 மைல் தொலைவில் இதைத் தொடங்கினார். அறங்காவலர் குழு கிடையாது. கல்லூரி ஆசிரியர்களுக்கே சொந்தம். மதிப்பெண் இல்லை, கட்டாயப் பாடம் இல்லை. கலை என்பது பாடத்திட்டத்தின் ஓரத்தில் இருக்கும் அலங்காரமாக இல்லாமல் நடுவில் இருந்தது. மதியத்துக்குமேல் எல்லோரும் பண்ணையிலோ விறகுவெட்டிலோ கட்டட வேலையிலோ கைகொடுத்தார்கள். 1957இல் சட்டப்படி மூடப்படும்வரை மொத்தம் சுமார் 1,200 மாணவர்களே அங்கே படித்திருக்கிறார்கள். அவர்களில் பட்டம் பெற்றவர்கள் மிகச் சிலர்.

டிரையரைப் பற்றி ஒரு தகவலை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் இயற்பியல் ஆசிரியர், கல்லூரிக்காகப் பணம் திரட்டியே களைத்தவர் என்றுதான் அறிமுகப்படுத்தப்படுவார். அவருடைய அத்தைகளில் மூவரைக் குறிப்பிட வேண்டும். மார்கரெட் டிரையர் ராபின்ஸ், மேரி டிரையர் இருவரும் பெண்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர்கள். மூன்றாமவர் கேதரின் டிரையர், 1920இல் மார்செல் டுஷாம், மான் ரே ஆகியோருடன் சேர்ந்து நவீன கலைக்கான அமைப்பைத் தொடங்கியவர். 'வேலையும் கலையும் ஒன்று' என்ற எண்ணம் இந்த மலைக்கு ரைஸின் தலையிலிருந்து மட்டும் வந்துவிடவில்லை.

முதல் எட்டு ஆண்டுகள் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் கோடை மாநாட்டு வளாகத்தில் வாடகைக்கு இருந்தார்கள். உயரமான வெள்ளைத் தூண்கள், அகன்ற முன் தாழ்வாரம், அங்கே வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், எதிரே மலைத்தொடர். தென்மாநிலத்துப் பண்ணை முதலாளியின் மாளிகையை நினைவூட்டும் அந்தக் கட்டடத்தின் பெயர் ராபர்ட் ஈ. லீ ஹால். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் கூட்டமைப்பின் தளபதி பெயர். கோடையில் மாநாட்டுக்காரர்கள் வருவார்கள் என்பதால், ஒவ்வொரு ஆண்டும் படிப்பு முடிந்ததும் கல்லூரி தன் மேசை, நாற்காலி, புத்தகம், தறி எல்லாவற்றையும் மூட்டைகட்டி மேல்மாடத்தில் அடுக்கிவிட்டு வெளியேற வேண்டும். இலையுதிர்காலத்தில் திரும்பவும் இறக்க வேண்டும். குடித்தனம் மாற்றிப் பழகியவர்களுக்குத் தெரியும், இந்த வேலையில் தூக்கும் வேலை பாதிதான். எது எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்திருக்கும் வேலை மீதிப் பாதி.

அந்த லீ ஹாலின் சமையல்கட்டில் ஜாக் லிப்சியும் ரூபி லிப்சியும் இருந்தார்கள். கறுப்பினத் தம்பதி. கல்லூரிக்குச் சமைத்தவர்கள். மாணவர்களின் நினைவுக்குறிப்புகளில் அன்போடு குறிப்பிடப்படுகிறார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அன்பு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கல்லூரியின் மையக் கொள்கை, சேர்ந்து வேலை செய்கிறவர்கள் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள் என்பது. மாணவர்களும் பரிமாறினார்கள், பாத்திரம் கழுவினார்கள். அதைக் கல்வியின் பகுதி என்றார்கள். அதே அடுப்படியில் நாள் முழுக்க நின்ற இருவருக்கு அது கல்வி அல்ல, கூலி வேலை. ஆசிரியர்களுக்கு ஓட்டு இருந்தது. மாணவர்களுக்குப் பிரதிநிதி இருந்தார். சமையல்காரர்களுக்கு அந்தச் சமூகத்தில் உறுப்பினர் என்ற இடமே இல்லை. எந்தத் தளபதியின் பெயர் தாங்கிய கட்டடத்தில் அவர்கள் நின்று சமைத்தார்கள் என்பதைத் தனியாக அழுத்திச் சொல்லத் தேவையில்லை.

1933 இறுதியில் ஜெர்மனியிலிருந்து ஜோசஃப் ஆல்பர்ஸும் ஆனி ஆல்பர்ஸும் வந்து சேர்ந்தார்கள். நாஜிகளின் நெருக்கடியில் பாவ்ஹவுஸ் பள்ளி மூடப்பட்டிருந்தது. ஆனி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரி அழைத்தது ஜோசஃபை. அவருக்கு ஆங்கிலம் வராது. தொடக்கத்தில் அவருக்காக மொழிபெயர்த்தவர் ஆனி. இந்த ஏற்பாடு நமக்கு அந்நியமானதல்ல. வேலை கணவருக்கு வரும். அந்த வேலை நடப்பதற்கான வாய் மனைவியுடையதாக இருக்கும்.

ஆனி பாவ்ஹவுஸில் சேர்ந்தது ஓவியம் வரையும் ஆசையோடு. பெண்களை நெசவுப் பட்டறைக்கு அனுப்பிவைப்பது அந்தப் புரட்சிகரப் பள்ளியின் நடைமுறை. வேண்டாவெறுப்பாகத் தறியில் உட்கார்ந்தவர் பின்னர் அதை விட்டு எழவில்லை. பிளாக் மவுண்டனில் நெசவுத் துறையை ஒன்றுமில்லாமையிலிருந்து உருவாக்கினார். மாணவர்களை நேரே பெரிய தறியில் உட்காரவைக்காமல், இடுப்பில் கட்டி நெய்யும் எளிய தறியிலிருந்து தொடங்கவைத்தார். ஒரு முனை மரத்தில், மறு முனை நெசவாளியின் இடுப்பில். 1935 முதல் மெக்சிகோவுக்குப் போய்வந்து அங்கிருந்து கற்றுக்கொண்டதை வகுப்புக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு தன் பெரிய நூலைப் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்கு, தன் ஆசிரியர்கள் என்று சொல்லிச் சமர்ப்பித்தார்.

இங்கே கட்டடத்துக்கு வருகிறேன். 1957இல் ஆனி ஒரு கட்டுரை எழுதினார். யேல் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை இதழில் வந்தது. துணியும் கட்டடமும் உறவுக்காரர்கள் என்பது அதன் வாதம். இரண்டும் தனித்தனிப் பாகங்களைச் சேர்த்து, ஒவ்வொரு பாகமும் தன் அடையாளத்தை இழக்காமல், முழுமை ஒன்றை உண்டாக்குகின்றன. கட்டடம் நிலைத்திருக்க விரும்புகிறது, துணி மடித்து எடுத்துச் செல்லப்பட விரும்புகிறது. நாடோடியின் வீடு துணியால் ஆனது. கல்லூரி சட்டப்படி இல்லாமல் போன அதே ஆண்டில் இது அச்சானது தற்செயல்தான். ஆனால் ஆண்டுக்கொருமுறை மூட்டைகட்டிய லீ ஹால் நாட்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் வேறுவிதமாகப் படிகிறது. பெரிய கட்டடக்கலைஞர்கள் அந்த மலையில் நிலையான ஒன்றை எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மடித்து எடுத்துப் போகக்கூடிய கட்டடக்கலையைப் பற்றி யோசித்தவர் அவர்களோடேயே இருந்திருக்கிறார். பிளாக் மவுண்டனின் கட்டட வரலாற்றில் இந்தக் கட்டுரைக்கு இடம் தரப்படுவதில்லை. அதை 'நெசவு' என்ற தலைப்பின் கீழ் தள்ளிவிடுகிறார்கள். பாவ்ஹவுஸ் செய்த அதே வேலை.

நூலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறுவனர் ரைஸின் மனைவி நெல் ரைஸ்தான் நூலகர். மாணவி ஒருவருடனான உறவு ரைஸின் நிலையை ஆட்டங்காணவைத்தது. விடுப்பில் அனுப்பப்பட்டு, 1940இல் பதவி விலகினார். திருமணமும் முறிந்தது. நெல் போகவில்லை. நூலகத்தோடு அங்கேயே இருந்தார். நிறுவனர் போன பிறகும் நூலகம் திறந்திருந்தது. கல்லூரியின் வரலாறுகளில் ரைஸின் பிரகாசமான பேச்சுத் திறன் பற்றி நிறைய இருக்கிறது. அவர் விட்டுப்போன இடத்தில் தினமும் வந்து உட்கார்ந்திருப்பது என்ன மாதிரியான துணிச்சல் என்று யாராவது யோசித்திருக்கிறார்களா என்று தேடினேன். அதிகம் கிடைக்கவில்லை.

1937இல் கல்லூரி பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில் நிலம் வாங்கியது. ஏரி, உணவுக்கூடம், இரண்டு தங்குவிடுதிகள், சில சிறு வீடுகள் ஏற்கெனவே இருந்த ஒரு கோடை வாசஸ்தலம். ஏரியின் பெயர் ஏதேன். பெயர் வைத்தவர்கள் கல்லூரிக்காரர்கள் அல்ல. ஆனால் அந்தப் பெயரின் கதையில் வேலை என்பது தண்டனை. ஏவாள் பழத்தைத் தின்றதால் வந்தது. இந்த ஏதேனிலோ எல்லோரும் விரும்பி வேலை செய்யக் கிளம்பினார்கள்.

பாவ்ஹவுஸ் நிறுவனர் வால்ட்டர் க்ரோப்பியஸும் மார்சல் பிராயரும் சேர்ந்து ஏரிக்கரைக்குப் பெரிய கட்டடத் தொகுதி ஒன்றை வரைந்துகொடுத்தார்கள். அழகான மாதிரி. பணம் திரளவில்லை, போர் நெருங்கிக்கொண்டிருந்தது, திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் ஏ. லாரன்ஸ் கோக்கர், பழக்கமில்லாத கைகளாலும் கட்டக்கூடிய எளிய வடிவம் ஒன்றைத் தந்தார். 1940 இலையுதிர்காலத்தில் வேலை தொடங்கியது. உள்ளூர் மேஸ்திரி ஒருவர் மேற்பார்க்க, மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டினார்கள். 'ஸ்டடீஸ் பில்டிங்' என்ற அந்த நீண்ட கட்டடம், சுமார் 200 அடி, ஒரு முனை தூண்களின் மேல் தூக்கி நிற்க, ஏரியை நோக்கிய கப்பலைப்போல இருக்கும். வெளிச்சுவர் நெளிவுள்ள சிமெண்ட் தகடு. 1941இல் குடிபெயர்ந்தார்கள்.

அதன் கட்டுமானப் படங்கள் புகழ்பெற்றவை. அரைக்கால்சட்டை போட்ட இளம்பெண்கள் கல் சுமக்கிறார்கள், சுத்தியல் பிடித்திருக்கிறார்கள். நானும் முதலில் இந்தப் படங்களில்தான் மயங்கினேன். பெண் உடல் கட்டட வேலையில் தெரிவது எங்களூரில் அதிசயமில்லை, சித்தாள் பெண்ணின் தலையில் செங்கல் இல்லாத கட்டடம் ஏது? ஆனால் அந்தப் பெண் தான் கட்டும் வீட்டின் வரைபடத்தைப் பார்த்ததில்லை, முடிந்ததும் அதற்குள் போவதில்லை. இந்தப் படங்களில் இருப்பவர்கள் தாங்கள் படிக்கப்போகும் அறையைத் தாங்களே கட்டினார்கள். அந்த வித்தியாசம்தான் என்னை இழுத்தது.

எதைக் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். வகுப்பறைகள் அல்ல. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தனி அறை. படுக்கை விடுதியில், பலரோடு. படிக்கும் அறை மட்டும் தனி. சிறியது. உட்புறப் பூச்சும் அலமாரியும் மேசையும் அவரவர் பொறுப்பு. கதவு உண்டு, அதைச் சாத்திக்கொள்ளலாம். வர்ஜீனியா உல்ஃபின் 'தனக்கென ஓர் அறை' வெளிவந்தது 1929இல். பன்னிரண்டே ஆண்டுகளில், உல்ஃப் கேட்ட பூட்டுள்ள கதவை நோக்கி, பதினெட்டு பத்தொன்பது வயதுப் பெண்கள் அதற்கான பலகையைத் தாங்களே அறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எந்தப் பெண்ணியக் கட்டடக்கலை வரலாறும் முதல் அத்தியாயத்தில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நான் படித்த மகளிர் விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். மேசை கிடையாது. டிரங்குப் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதினோம். எழுதியதை அந்தப் பெட்டிக்குள்ளேயே பூட்டினோம். நாங்கள் பூட்ட முடிந்த ஒரே கதவு பெட்டியின் மூடிதான். அதனால் ஏரிக்கரையின் அந்தச் சின்ன அறைகள்மேல் எனக்கு இருப்பது வெறும் ஆராய்ச்சி ஆர்வம் அல்ல. பொறாமையும் கொஞ்சம் உண்டு.

போர் வந்ததும் ஆண்கள் படைக்குப் போனார்கள். கல்லூரி கிட்டத்தட்ட பெண்கள் கல்லூரியானது. பண்ணை, விறகு, நிலக்கரி, பழுதுவேலை எல்லாம் பெண்கள் தலையில். மோலி கிரிகரி 1941இல் வந்தார். மரவேலை கற்பித்தார், பட்டறையை நடத்தினார், பண்ணையையும் பார்த்துக்கொண்டார். இருக்கிற மரத்தை வைத்து, பழக்கமில்லாத கைகளைப் பழக்கி, நாற்காலியும் மேசையும் செய்யவைத்தவர். போர்க்காலத்தில் அந்த வளாகம் இடிந்துவிழாமல் நின்றதற்குக் காரணம் யார் என்று கேட்டால் நான் க்ரோப்பியஸின் வரைபடத்தைக் காட்டமாட்டேன். மோலியின் பட்டறையைக் காட்டுவேன்.

போர் முடிந்தபின் படைவீரர்களுக்கான கல்வி உதவித்தொகையோடு ஆண்கள் வந்தார்கள். கல்லூரிக்குப் பணமும் வந்தது. அரசாங்கப் பணம் யார் தலையில் எழுதி வருகிறதோ அவர்களை நோக்கியே நிறுவனத்தின் முகமும் திரும்பும். இதைப் பற்றி இன்னும் விரிவாக யாராவது எழுத வேண்டும்.

1941இல் டிரையர் தம்பதியின் மகன் மார்க், ஒன்பது வயதுச் சிறுவன், வாகன விபத்தில் இறந்தான். அவன் நினைவாக அலெக்ஸ் ரீட் என்ற மாணவர் கல்லால் ஒரு சிறு கட்டடம் எழுப்பினார். மௌன இல்லம் என்று பெயர். எந்த மதத்துக்கும் உரியதல்ல. போய் உட்காரலாம், அவ்வளவுதான். இதே ரீடுடன் சேர்ந்துதான் ஆனி ஆல்பர்ஸ் வாஷர், பேப்பர் கிளிப், தொட்டி வடிகட்டி போன்ற ஹார்டுவேர் கடைச் சாமான்களில் கழுத்தணிகள் செய்தார். இந்த மௌன இல்லத்தின் கதவுகளை ஹேசல் லார்சன் ஆர்ச்சர் படமெடுத்தார். வரிசையாக, மீண்டும் மீண்டும் கதவுகள். வெவ்வேறு வெளிச்சத்தில், வெவ்வேறு அளவு திறந்து. சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக அந்த மேடுபள்ள வளாகத்தில் வாழ்ந்தவர். 1949இல் கல்லூரியின் முழுநேரப் புகைப்பட ஆசிரியரானார். மெர்ஸ் கன்னிங்ஹாம் அந்தரத்தில் பாயும் படங்களை எடுத்தவரும் இவர்தான். அந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நடனக்காரரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்குக் கதவுப் படங்கள்தான் முக்கியம். ஒரு கட்டடத்தில் எந்த இடத்தை யார் கூர்ந்து பார்ப்பார்கள்? ஏறி இறங்கித் திரிகிறவர் முகப்பைப் பார்ப்பார். வாசற்படி உயரம் எவ்வளவு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தினமும் கணக்குப்போட வேண்டியவர் கதவைப் பார்ப்பார். இது என் ஊகம். படங்கள் அந்த ஊகத்துக்கு இடம் தருகின்றன.

ரூத் அசாவா 1946இல் வந்தார். அதற்குமுன் அவர் வாழ்ந்த கட்டடங்களைப் பட்டியலிட வேண்டும். கலிஃபோர்னியாவில் பெற்றோரின் காய்கறிப் பண்ணை. 1942இல், பதினாறு வயதில், ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகக் குடும்பத்தோடு அடைக்கப்பட்ட சாண்டா அனிதா குதிரைப் பந்தய மைதானம். அங்கே குதிரை லாயத்தில் குடியிருந்தார்கள். பிறகு ஆர்கன்சாஸின் ரோவர் முகாம் கொட்டகை. பிறகு மில்வாக்கி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. ஜப்பானியப் பெண்ணைப் பயிற்சி ஆசிரியராக ஏற்கப் பள்ளிகள் தயாராக இல்லாததால் படிப்பை முடிக்க முடியவில்லை. லாயம், கொட்டகை, மூடிய பள்ளி. இத்தனைக்கும் பிறகு ஏரிக்கரை. 1947இல் மெக்சிகோவின் டொலூகாவில் கம்பியால் முட்டைக் கூடை பின்னும் முறையைக் கற்றுக்கொண்டார். அதிலிருந்துதான் காற்றில் தொங்கும், உள்ளுக்குள் உள்ளாக விரியும் அவருடைய கம்பிச் சிற்பங்கள் பிறந்தன.

இந்த வளாகத்தோடு நேரடியாகப் பிணைந்த அவருடைய வேலை இன்னொன்று. சலவை அறையில் வேலை பார்த்தபோது, துணிகளில் அடையாளமிடும் ரப்பர் முத்திரையை எடுத்து, தாள் முழுக்கக் குத்தியிருக்கிறார். முத்திரையில் இருப்பது கல்லூரிப் பெயரின் மூன்று முதலெழுத்துகள். வரிவரியாக, சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எழுத்து எழுத்தாக இல்லாமல் அலையாகிவிடுகிறது. நெசவுபோலவும் இருக்கிறது. கல்லூரியின் பெயரை இவ்வளவு தடவை எழுதியவர் வேறு யாரும் இருக்க முடியாது. வெளுத்து, உலர்த்தி, மடித்து, முத்திரை குத்தி, மறுபடி வெளுக்கும் வேலையின் லயம் அந்தத் தாளில் இருக்கிறது. இதைச் சலவை அறையின் வரைபடம் என்றே நான் பார்க்கிறேன். பின்னாட்களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆறு குழந்தைகளை வளர்த்தபடி சிற்பம் செய்த அசாவாவை 'இல்லத்தரசி' என்ற சொல்லால் குறுக்க விமர்சகர்கள் முயன்றார்கள். வீட்டு வேலைக்கும் கலைக்கும் நடுவே சுவர் இருப்பதாக நம்பியவர்கள் அவர்கள்தான். அவர் சலவை அறையில் படித்தவர்.

இனி உணவுக்கூடம். ஏரியைப் பார்த்த தாழ்வாரத்தோடு கூடிய அந்தக் கூடத்தில்தான் மூன்று வேளைச் சாப்பாடு, கூட்டம், கச்சேரி, சனிக்கிழமை இரவு நல்ல உடை உடுத்திச் சாப்பிட்டு ஆடும் நடனம் எல்லாம். 1944இல் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதா என்ற விவாதம் கல்லூரியைப் பிளந்தது. மாணவர்களில் பலர் சேர்க்க வேண்டும் என்றார்கள். டிரையர், ஆல்பர்ஸ் போன்ற மூத்தவர்கள் சுற்றுவட்டாரத்தின் பகைக்கு அஞ்சினார்கள். கடைசியில் சமரசம்: கோடைகால இசைப் பயிலரங்குக்கு மட்டும். அப்படி வந்தவர் அல்மா ஸ்டோன் வில்லியம்ஸ், பியானோக் கலைஞர். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கப் பத்தாண்டுகள் இருந்தன. அடுத்த ஆண்டு பாடகி கேரல் பிரைஸ் வந்தார். சில்வெஸ்டா மார்ட்டின் முழுநேர மாணவியானார். 1946 கோடையில் ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் தம்பதி வந்தபோது, நிறவெறிப் பெட்டிக்கு மாற வேண்டியிராமல் தனி ரயில் பெட்டிக்கு ஜோசஃப் ஆல்பர்ஸ் ஏற்பாடு செய்தார். க்வெண்டலின் நைட் அந்தக் கோடையில் நடனம் சொல்லிக்கொடுத்தார். அவரும் ஓவியர் என்பதைப் பெரும்பாலான குறிப்புகள் 'மனைவியும் வந்திருந்தார்' என்ற சொற்களில் முடித்துவிடுகின்றன. இருவரும் அந்தக் கோடை முழுவதும் ஆஷ்விலுக்குள் போகவில்லை. வளாகத்துக்குள் சுதந்திரம், வேலிக்கு வெளியே ஜிம் க்ரோ.

வந்த முதல் கறுப்பின மாணவர் ஒரு பெண் என்பதை நாம் கொண்டாடலாம். ஆனால் அவர் உணவுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தபோது, சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த கதவைப் பற்றியும் நினைக்க வேண்டும். அந்தக் கதவின் ஒருபுறம் கறுப்பினத்தவர் இருப்பது அதற்கு முன்பு யாருக்கும் விவாதப் பொருளாக இருந்ததில்லை. கல் சுமந்த பெண்களின் படத்தைப் பார்த்து நான் மயங்கியதில் இதுதான் விடுபட்டுப்போனது. விரும்பிச் சுமக்கும் கல்லும் கூலிக்குச் சுமக்கும் கல்லும் ஒரே எடைதான், ஒரே வேலை அல்ல. 'பெண்களும் உழைத்தார்கள்' என்று சொல்லிப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போகும் பெண்ணிய வரலாறு, ரூபி லிப்சியை எந்த வரிசையில் சேர்க்கும்? மோலி கிரிகரிக்குப் பக்கத்திலா, அடிக்குறிப்பிலா? இந்தக் கேள்விக்கு என்னிடம் வசதியான பதில் இல்லை.

1952 கோடையில் அதே உணவுக்கூடத்தில் ஜான் கேஜ் ஒரு நிகழ்வை அரங்கேற்றினார். ஏணியில் நின்று உரை, மேலே தொங்கும் ராஷன்பெர்க்கின் வெள்ளை ஓவியங்கள், கன்னிங்ஹாமின் நடனம், டேவிட் டியூடரின் பியானோ, எல்லாம் ஒரே நேரத்தில். பிற்காலத்தில் 'ஹாப்பனிங்' எனப்பட்ட கலை வடிவத்தின் தொடக்கம் என்கிறார்கள். ஏணியில் ஏறிக் கவிதை வாசித்தவர்களில் எம்.சி. ரிச்சர்ட்ஸும் ஒருவர். 1945 முதல் அங்கே இலக்கியம் கற்பித்தவர், அச்சகம் தொடங்கிவைத்தவர், பின்னர் குயவர். அந்தோனின் ஆர்த்தோவின் நாடகக் கோட்பாட்டு நூலைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த மொழிபெயர்ப்பு இல்லாமல் இந்த நிகழ்வை யோசிக்க முடியாது. ஆனால் கலை வரலாற்றில் அது கேஜின் நிகழ்வு. முடிவில் பார்வையாளர்களுக்குக் காபி கொடுத்தார்கள் என்றும், சிலர் அதற்குள் கோப்பைகளைச் சாம்பல் கிண்ணமாக்கியிருந்தார்கள் என்றும் சொல்வார்கள். யார் எங்கே நின்றார் என்பதில் நினைவுகள் முரண்பட்டு நூறு ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோப்பைகளை யார் கழுவினார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசி ஆண்டுகள் கவிஞர் சார்ல்ஸ் ஓல்சனுடையவை. ஆல்பர்ஸ் தம்பதியும் டிரையரும் 1949இலேயே போய்விட்டார்கள். பணம் இல்லை, மாணவர்கள் குறைந்தார்கள், ஏரிக்கரைக் கட்டடங்களைக் கைவிட்டு மேல்பகுதிக்கு ஒதுங்கினார்கள். கட்டடங்கள் சிதைந்த இந்தக் காலத்தில்தான் 'பிளாக் மவுண்டன் கவிஞர்கள்' என்ற பெயர் எழுந்தது. 1960இல் டொனால்ட் ஆலன் தொகுத்த நூல் அந்தக் குழுவை நிலைநாட்டியது. அதில் அந்தக் குழுவுக்குள் இடம்பெற்ற ஒரே பெண் டெனிஸ் லெவர்டோவ். அவர் கல்லூரியில் படித்தவரும் அல்ல, கற்பித்தவரும் அல்ல. அங்கேயே வாழ்ந்து கற்பித்த கவிஞர் ஹில்டா மோர்லி அதில் இல்லை. எம்.சி. ரிச்சர்ட்ஸும் இல்லை. லெவர்டோவ்மீது குறையில்லை, அவர் பெரிய கவிஞர். ஆனால் ஒரு வளாகத்தின் பெயரைத் தாங்கிய கவிதைக் குழுவில் அந்த வளாகத்தில் வாழ்ந்த பெண்களுக்கு இடமில்லை என்பது விபத்தல்ல. பெயர் என்பதும் ஒரு கட்டடம். அதற்கும் வாசல் உண்டு, வாசலில் ஆள் உண்டு.

வரலாறு எழுதியவர்களிலும் ஒரு ஒப்பீடு தேவை. மார்ட்டின் டூபர்மன் 1972இல் எழுதிய நூல் இன்றும் சுவாரஸ்யமானது. தன்னையும் பிரதிக்குள் வைத்து எழுதியவர். தன்பால் உறவுக்காகக் கைதான நாடக ஆசிரியர் ஒருவரைக் கல்லூரி சத்தமில்லாமல் கைவிட்டதைச் சொல்லும் இடத்தில், தானும் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை அந்தப் பக்கத்திலேயே வெளிப்படுத்தினார். அந்த நேர்மை பெரியது. அவருடைய நாடகம் ஆசிரியர் கூட்டங்களில் நடக்கிறது: யார் யாரோடு மோதினார், யார் விலகினார். மேரி எம்மா ஹாரிஸ் 1987இல் எழுதிய நூல் வேறு வகை. பட்டறை பட்டறையாக, கட்டடம் கட்டடமாக, பெயர் பெயராகப் போகிறது. பல ஆண்டுகள் முன்னாள் மாணவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்துச் சேர்த்தது. படிக்கும்போது சில இடங்களில் கணக்குப் புத்தகம்போல இருக்கும். அந்தக் கணக்குப் புத்தகம் இல்லையென்றால் மோலி கிரிகரியின் மரப் பட்டறையைப் பற்றி இன்று நான் எழுதியிருக்க மாட்டேன். இந்த உழைப்புக்கும் நூலகத்தில் உட்கார்ந்திருந்த நெல் ரைஸின் உழைப்புக்கும் ஒரு சாயல் இருக்கிறது.

கல்லூரி மூடப்பட்ட பிறகு ஏதேன் ஏரியும் அதன் கரையும் ராக்மவுண்ட் என்ற சிறுவர் முகாமின் கைக்குப் போயின. கிறிஸ்தவ முகாம். பையன்களுக்கு மட்டும். ஸ்டடீஸ் பில்டிங் இன்னும் நிற்கிறது. அதன் அடியில் இருக்கும் தூண்களில் 1944 கோடையில் ஜான் ஷார்லோ தீட்டிய இரண்டு சுவரோவியங்கள் இருக்கின்றன. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின்போது ஸ்வானனோவா பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியது. படங்களைப் பார்க்கையில் அந்தக் கட்டடம் என்ன ஆகியிருக்கும் என்றுதான் முதலில் பதறினேன். அதற்குப் பிறகே அந்தப் பள்ளத்தாக்கில் வீடிழந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கட்டடங்களை வாசித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்த வியாதி வரும்.

சலவை அறையிலிருந்து வந்த அசாவாவின் முத்திரைத் தாள்களை இப்போது அருங்காட்சியகச் சுவர்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுகிறார்கள். தாளின் ஓரங்களில் மை காய்ந்துபோய் முத்திரை மங்கியிருக்கிறது. நடுவில் புதிதாக மை தொட்டுக் குத்திய இடம் கறுத்துத் தெரிகிறது.